சாம்பல் குதிரையின் முதுகுச் சுழி

முன்னொரு காலத்திலே மிளகுமலை நாட்டை மகுடராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் அதையே மறுப்பான். மற்றபடி நல்ல மனுஷன்.

மலை உச்சிக் கோட்டையில் வாழ்க்கைப்பட்ட அவன் ஒரே மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. மறுநாள் பேர்சூட்டு விழா. தாத்தாதான் வந்து பேர் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஒற்றையடிப் பாதையில் பல்லக்கு போகாது, அரண்மனைக் குதிரைகளும் ஏறாது. பேரனைப் பார்க்க முடியாதோ என்று ராஜாவுக்குச் சோறே இறங்கவில்லை.

மந்திரி சாத்தப்பர் சும்மா இருப்பாரா? மலையிலிருந்து மிளகு மூட்டை இறக்கும் உள்ளூர்க்காரி பேச்சியிடம் பேசி, அவளுடைய சாம்பல் நிறக் குதிரையை வாங்கிவந்து நிறுத்தினார்.

லாயத் தலைவர் மார்த்தாண்டருக்கு வயிறு எரிந்தது. கப்பலில் வந்த வெள்ளைக் குதிரை ஒன்றை ராஜா தலையில் கட்டக் காத்திருந்தவர் அவர். சாம்பல் குதிரையைச் சுற்றிவந்து, முதுகு மயிரை விலக்கிப் பார்த்து அலறினார்.

"ஐயையோ பிரபு! முதுகிலே பாடைச்சுழி! ஏறினவர் பாடையில்தான் இறங்குவார். என் வெள்ளையைப் பாருங்கள், நெற்றியில் ராஜசுழி!"

ராஜா சட்டென்று நாலடி தள்ளி நின்றான். "சாத்தப்பரே, என்னைக் கொல்லவா பார்த்தீர்? நாளைக்கு நான் மலையேறாவிட்டால் உம்முடைய பதவி மார்த்தாண்டருக்கு!"

"ஆகட்டும் பிரபு. ஆனால் நம் லாயத்து வழக்கம் ஒன்று உண்டே. சுழி பார்த்தவர்தான் முதலில் ஏறிக் காட்டவேண்டும். மார்த்தாண்டர் வெள்ளையில் முன்னே போகட்டும். நான் பாடைச்சுழியில் பின்னால் போகிறேன். செத்தால் நான்தானே!"

மார்த்தாண்டர் வேறு வழியில்லாமல் வெள்ளைக்குச் சேணம் போடச் சொன்னார்.

விடிந்ததும் எல்லோரும் மலையடிவாரத்தில் கூடினார்கள். முதல் வளைவு வரை வெள்ளை ஜம்மென்று போனது, பின்னாலேயே சாம்பல் குதிரையில் சாத்தப்பர். அங்கே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். அவ்வளவுதான், நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. தட்டினாலும் நகரவில்லை, கெஞ்சினாலும் நகரவில்லை. மார்த்தாண்டர் அதன் வால்பக்கமாகச் சறுக்கி இறங்கி, பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாத்தப்பரே! ஐயா! காப்பாத்துங்க!"

சாத்தப்பர் தன் குதிரையிலிருந்து இறங்கினார். "இதில் ஏறிக்கொள்கிறீரா?"

"ஏறுறேன், ஏறுறேன்!"

"பாடைச்சுழி இருக்கிறதே?"

"அதெல்லாம் சேணத்துக்கு அடியிலே மறைஞ்சிடுச்சுய்யா! தூக்கி விடுங்க!"

கீழே நின்ற ராஜாவுக்கு அது கணீரென்று கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சாம்பல் குதிரை அந்தக் குறுகல் பாதையிலேயே நிதானமாகத் திரும்பி, மார்த்தாண்டரைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்தது. பேச்சி மேலே போய் வெள்ளையின் கண்ணைக் கட்டி மெல்ல நடத்திவந்தாள்.

"மார்த்தாண்டரே, சேணம் போட்டால் சுழி மறையும் என்று நேற்றே சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேனே! இறங்கும், நான் ஏறணும்!"

முதல் வளைவில் ராஜா கண்ணை மூடிக்கொண்டான். ரெண்டாவது வளைவில் பாட்டு முணுமுணுத்தான். உச்சிக்குப் போய்ப் பேரனைக் கையில் வாங்கியதும் சந்தோஷத்தில் அழுதேவிட்டான்.

மந்திரி கழுத்தில் முத்துமாலை விழுந்தது. லாயத் தலைமை பேச்சிக்குப் போனது, அவளிடம் புல்லுக்கட்டு சுமக்கும் வேலை மார்த்தாண்டருக்கு. அந்த நாட்டில் இன்றைக்கும் யாராவது குதிரைக்குச் சுழி பார்க்க வந்தால், ஜனங்கள் முதலில் சேணத்தைப் போட்டுவிட்டு, "இப்போ பாருங்க சாமி" என்பார்களாம்!