பாதி ஸ்வெட்டர், பாதிச் சட்டை

மலைமேல் ஒரு தேயிலைக் கூட்டுறவுச் சங்கம். அங்கே போஜன், சடையாண்டி, சூசை என்று மூன்று எழுத்தர்கள் இருந்தார்கள். மேலே இருப்பவர்கள் சொன்ன சொல்லை மூவரும் தட்டவே மாட்டார்கள். சங்கத்துக்கு வந்த வினையே அதுதான்.

மாசி முடிந்து பனி விலகிய பிறகும் மூவரும் மங்கிக் குல்லாவும் ஸ்வெட்டருமாக வேர்த்து வழிந்தார்கள். செயலாளர் இராயப்பன் அவர்களைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை மேலதிகாரி வருகிறார். அவர் மனம் வைத்தால்தான் இராயப்பனுக்குப் பதவி உயர்வு.

"காலையில குளிரு, அப்புறம் வெயிலு. ரெண்டுக்கும் ஏத்தாப்புல ஒரே உடுப்பா போட்டுட்டு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார், பாவம்.

மூவரும் கூடி யோசித்தார்கள். கத்தரிக்கோல் வந்தது. இடப்பக்கம் ஸ்வெட்டர், வலப்பக்கம் சட்டை என்று வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டார்கள்.

"வெயிலு கிழக்கேயிருந்துதான வரும்? சட்டைப் பக்கத்தைக் கிழக்கே காட்டி உக்காந்துட்டாப் போச்சு" என்றார் போஜன். சாயங்காலம் வெயில் மேற்கே போய்விடுமே என்று சடையாண்டி கவலைப்பட்டார். அப்போது நாற்காலியைத் திருப்பிக்கொள்வது என்றும், வந்த ஜனங்களுக்கு முதுகைக் காட்டுவது ஆபீசுக்குப் புதிதல்ல என்றும் முடிவாயிற்று.

சூசைக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "உச்சி வேளையில வெயிலு நடு மண்டைக்கு மேலேயில்ல நிக்கும்?"

அதற்கும் போஜன் வழி சொன்னார். "அப்பச் சூடு மேலே, குளிரு கீழே. ஸ்வெட்டரு கீழே போகணும்னா, ஒருக்களிச்சுப் படுக்க வேண்டியதுதான்."

மேலதிகாரி வந்து சேர்ந்தது உச்சி வேளையில். மூன்று மேசைகளிலும் மூன்று பேர் இடப்பக்கமாகப் படுத்தபடி மனுக்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்களும் தலையைச் சாய்த்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதிகாரியைக் கண்டும் ஒருவரும் எழவில்லை. எழுந்தால் உத்தரவு கெட்டுவிடுமே.

"இதென்னய்யா கூத்து? யாரு சொன்னது?"

மூவரும் ஒன்றாக இராயப்பனைக் காட்டினார்கள். "ஐயா யோசனைதாங்க. அவருக்குச் சேர வேண்டிய பேரை நாங்க எடுத்துக்கக் கூடாதுல்ல?" என்றார் போஜன், படுத்தபடியே.

பதவி உயர்வு போனது. நால்வரையும் சமவெளியில் அனல் பறக்கும் ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே விடியற்காலையிலேயே வேர்க்கும். குளிருக்கு எங்கே போவது என்று மூவரும் மறுபடி கூடினார்கள். உத்தரவு உத்தரவுதானே.

இப்போது தினமும் மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கி, ஸ்வெட்டர் பக்கம் திணித்துக்கொண்டு, பல் கிட்டிக்க வேலை பார்க்கிறார்கள். இராயப்பன் வருவதற்கு முன்பே அவருடைய நாற்காலியிலும் ஒரு பாளம் வைத்துவிடுகிறார்கள்.