ஒன்றாம் எண் வரவில்லை

கோயம்புத்தூரில் உமையாளை எல்லோரும் குரு என்றுதான் சொல்வார்கள். கிண்டலாகத் தொடங்கிய பேர், ஒட்டிக்கொண்டது. சீடர் செபாஸ்தியான் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு நிரல் எழுத வந்தவர்.

அன்று காலை கண் மருத்துவமனை வரவேற்புப் பெண் போனில் அலறினாள்.

"ஒன்றாம் எண், ஒன்றாம் எண்ணுன்னு கூவிக் கூவி டாக்டருக்குத் தொண்டை கட்டிருச்சுங்க! அந்த டோக்கன் யார்கிட்டயுமே இல்லீங்க. ரெண்டாம் எண்காரரு, முன்னாடி ஆள் போகட்டும்னு கதவுகிட்ட மரியாதையா நிக்கிறாரு!"

உமையாள் போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சார், பொது லைப்ரரியில கை வச்சீங்களா?"

அவர்கள் லைப்ரரி என்பது டோக்கன் எண்ணுவதற்கென்று எழுதிய ஒரே ஒரு நிரல். வாடிக்கையான மூன்று இடங்களின் மென்பொருளும் தினம் காலையில் அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

"வச்சேன் மேடம். பூஜ்யத்துலேர்ந்து எண்ணிட்டு இருந்துச்சு. எந்த ஊரு வரிசையில முதல் ஆளு பூஜ்யம்? ஒன்னாக்கினேன்."

"அது தெரிஞ்சுதான் மூணு இடத்துலயும் ஒன்னு கூட்டிக்கிறாங்க. இப்ப முதல் டோக்கனே ரெண்டாயிருச்சு."

"அப்ப மூணு பேரும் தப்பு."

"பழசைத் திருப்பி வைங்க."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, சார்."

வைத்தார். யாரோ போட்ட தப்புக் கணக்குக்கு முழு மதிப்பெண் கொடுக்கச் சொன்னதுபோல இருந்தது அவர் முகம்.

"இந்தத் தொல்லையே வேண்டாம் மேடம். ஆளுக்கொரு நகல் குடுத்துருவோம். அவங்கவங்க பாடு."

உமையாளுக்குச் சிரிப்பு வந்தது.

"அதையும் பண்ணிப் பார்த்தோம். ஒரு இடத்து நிரல்ல ஓட்டை கண்டுபிடிச்சு அடைச்சோம். மத்த ரெண்டு இடத்துலயும் அதே ஓட்டை. ஒரு வருஷம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு."

"அப்ப எப்படிச் சமாளிச்சீங்க?"

அப்போது அவர்கள் ஆபீஸ் ஒரு சைக்கிள் கடை மாடி. ஒரே மேசை. நாலு பேரின் முழங்கையும் இடிக்கும். உமையாள் தொண்டையைக் கனைத்து, பழைய கூட்டாளி காதரின் கரகரத்த குரலை அப்படியே கொண்டுவந்தார்.

"'ஏய், மாத்தப்போறேன்! எவனுக்காச்சும் உசுரு போகும்னா இப்பவே சொல்லித் தொலைங்க!' மேசையில ஒரு குத்து. நாங்க எல்லாரும் சரின்னு சொன்னாத்தான் காதர் கை வைப்பான்."

"இப்ப அந்த மேசையும் இல்ல, காதர் சாரும் கனடாவுல."

உமையாள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"பழசு அப்படியே இருக்கட்டும் சார். உங்க சரியைப் பக்கத்துல வேற பேர்ல வைங்க. எல்லாருக்கும் சொல்லுங்க. வர்றவங்க வரட்டும்."

கண் மருத்துவமனை புதியதற்கு மாறியது. அடுத்த மாதம் செல்போன் பழுதுபார்க்கும் கடையும் மாறியது. செபாஸ்தியான் பரீட்சை முடிந்த பையன்போல ஓடி வந்தார்.

"மேடம், வால்பாறைத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்னுதான் பாக்கி. போன் பண்ணியாச்சு, மெயில் போட்டாச்சு. அங்க கம்ப்யூட்டர் பார்த்துக்கிட்ட தம்பி வேலையை விட்டுட்டாராம். வேற யாருக்கும் ஒன்னும் தெரியலையாம். ஒரே ஒரு இடத்துக்காகப் பழசைக் கட்டிக்கிட்டு அழணுமா? அழிச்சிரவா?"

அதுதான் அவர்களுடைய முதல் வாடிக்கை. கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிய நாள். காதர் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே அதன் வயர்ச் சுருளை மட்டும் கீழே விடாமல் பிடித்திருந்தான். முதல் டோக்கன் அச்சாகி வந்தபோது நர்ஸ் கை தட்டினாள். காய்ச்சல்காரர்களும் எழுந்து தட்டினார்கள்.

"அங்க இன்னும் டோக்கன் குடுக்கிறாங்களா?" என்றார் உமையாள்.

"குடுக்கிறாங்க. வர்ற புதன்கிழமை பிள்ளைங்களுக்குத் தடுப்பூசியாம். கூட்டம் அள்ளுமாம்."

"அப்ப செவ்வாய்க்கிழமையே போய்ச் சேர்ந்துரணும்."

"யாரு?"

"நீங்கதான். உட்கார்ந்து அவங்களுக்கு மாத்திக் குடுத்து, புதன்கிழமை வரிசை முழுசா முடியற வரைக்கும் கூடவே நில்லுங்க."

"மேடம், நான் கேட்டது பழசை அழிக்கலாமான்னு."

"தாராளமா அழிக்கலாம் சார். வால்பாறைக்கு உக்கடத்துல பொள்ளாச்சி பஸ் ஏறுங்க."