கைத்தடி காட்டிய வழி

போடியில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ட்ரிப் ஜீப் ஓட்டிப் பிழைக்கும் ஒச்சம்மாள், வாடகை வீட்டு வாசலிலேயே ஜீப்பின் தரைத்தகட்டைக் கழற்றிவிட்டு கியர்பாக்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். கிளட்ச் தட்டு ஒருபக்கம் சரிந்திருந்ததால், கியர்பாக்ஸின் தண்டு அதன் நடு ஓட்டைக்குள் போகவே இல்லை.

வீட்டு ஓனர் சீனிராஜ் கைத்தடியை ஆட்டியபடி வந்தார். "வாசலையே அடைச்சுக்கிட்டு நிக்குது! பொழுது சாயுறதுக்குள்ள வண்டி தானா ஓடி வெளிய போகணும். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன்!"

அந்தத் தடியை ஒருமுறை அளந்து பார்த்த ஒச்சம்மாள், கிளட்ச் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாள். "எந்த ஓட்டையில மாட்டணும்னே தெரியலைங்கய்யா."

"இதுகூடத் தெரியாமத்தான் வண்டி ஓட்டுறியா? இந்தா பாரு!" என்று குனிந்தவர், தட்டின் நடு ஓட்டை வழியாகத் தடியை எஞ்சின் வரைக்கும் செருகிக் காட்டினார். சரிந்த தட்டு நடுவுக்கு வந்து நின்றது.

"ஆடாமப் பிடிங்கய்யா, நல்லாப் பாத்துக்கிறேன்" என்றவள், மளமளவென்று போல்ட்டுகளை முறுக்கினாள். தடியை உருவியதும் கியர்பாக்ஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

சாயங்காலம் ஜீப் உறுமிக்கொண்டு தெருவுக்கு வந்தது. "மெக்கானிக் யாரு?" என்று வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் கேட்டது.

"நம்ம ஓனர் ஐயாதான்! இனிமே யாரு வண்டி நின்னாலும் இங்கயே தள்ளிட்டு வாங்க" என்றாள் ஒச்சம்மாள்.

இல்லை என்று சொல்ல ஐயாவுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை வாசலில், யாரோ தள்ளிக்கொண்டு வந்த ஒரு ஆட்டோ நின்றது.