பதினாறாவது போர்ட்

"பதினாறு போர்ட்டுல பதினஞ்சுக்கு நம்பர் போட்டாச்சு மேடம். கடைசி ஒண்ணை மேனேஜர் ஃபேக்ஸுக்குக் கேக்காரு. கொடுத்துரவா?"

ஆஸ்பத்திரியின் புது டெலிபோன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முபீனா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆறாம் நம்பர் ரூமுக்கு?"

"அவருக்குத் தொண்டையில ஆபரேஷன். பேச முடியாதவருக்கு எதுக்கு மேடம் போன்?"

அருளப்பனுக்கு ஐம்பத்துமூன்று வயது. முபீனாவுக்கு இருபத்தொன்பது. முப்பது வருஷம் வீடுகளுக்குக் கரண்ட் வேலை பார்த்துவிட்டு, ஆபீஸ் டெலிபோன் வேலை கற்க அவளிடம் வந்து சேர்ந்தவர் அவர். மேடம் என்று கூப்பிட அவருக்குத் துளியும் கூச்சமில்லை. எல்லாரும் கைவிட்ட லைன்களில் அவள் உயிர் வரவழைத்ததைக் கண்ணால் பார்த்தவராயிற்றே.

ஒரே ஒரு மனக்குறை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், வேலை கொடுப்பாள்.

"அந்த ரூமுக்கு வயர் இழுங்க அண்ணாச்சி."

இழுத்தார்.

கட்டிலில் கண்டக்டர் சுடலைமுத்து. பஸ்ஸின் பின்படியில் நின்று இவர் ஒரு குரல் கொடுத்தால் முன்சீட்டில் தூங்குகிறவன் பதறி எழுந்து இறங்குவான். இப்போது கழுத்தில் குழாய். சளி அடைத்தால் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவார். நேற்று தட்டோ தட்டென்று தட்டியும் யார் காதிலும் விழவில்லை. சிஸ்டர் ஜெபக்கனி தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் பிழைத்தார். அப்போதிருந்து ஸ்பூனைக் கீழே வைக்கவே பயம்.

முபீனா பழைய சாமான் பெட்டியைக் கிளறி ஒரு போனை எடுத்துக் கட்டிலோரம் வைத்தாள்.

"மேடம், அதுல ஒரு பட்டனும் வேலை செய்யாது!"

"தெரியும்."

லேப்டாப்பில் ஏதோ தட்டினாள்.

"சிஸ்டர் மேசைக்குப் போங்க. மணி அடிச்சா எடுங்க."

பட்டன் செத்த போன் எப்படி மணி அடிக்கும்? முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றார்.

மணி அடித்தது.

மேசையிலிருந்த சிஸ்டர் ஜெபக்கனி போன் திரையில் விழுந்த எண்ணைப் பார்த்தார். அருளப்பன் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ."

பதில் இல்லை.

"ஹலோ! யாரு பேசுறது?"

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"யாருமே பேசல சிஸ்டர். லைன்ல ஏதோ கோளாறு."

திரும்பினார். சிஸ்டரின் நாற்காலி காலி. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் ஆறாம் அறையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் திரையைப் பார்த்தார். ஆறு.

எண்ணை அழுத்தவே வேண்டாம், போனைக் கையில் எடுத்தாலே இங்கே அடிக்கும்படி செய்திருக்கிறாள்! நின்ற இடத்திலிருந்தே அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது அருளப்பனுக்கு. கையில் ரிசீவர் இருந்தது.

அதற்குள்ளிருந்து ஜெபக்கனியின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது.

"இந்தா வந்துட்டேன் அண்ணே."

பிறகு, ஒரு ஸ்பூனை மேசைமேல் வைக்கும் சத்தம்.