சுடலி சொன்ன பக்கம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பள்ளிக்கூடம். அங்கே கணக்கு வாத்தியாரும் ஒரே ஒருத்தர்தான் என்றால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். இருந்தது இரண்டு பேர்.

மாசிலாமணி சார் சாக்பீஸ் பிடித்து இருபத்தாறு வருஷம். ரஹீமா டீச்சர் அவரிடமே படித்தவள். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் பெரியவர்தான் சின்னவளைத் தேடிப் போவார்.

அன்றைக்கும் போனார்.

"ரஹீமா, சுடலி கணக்கு குரூப்பே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாம்மா. நாளையிலேர்ந்து வேற கிளாஸ்."

"ஏனாம்?"

"y = x கோட்டைப் போர்டுல போட்டேன். x-ஓட மூணு கூட்டினா கோடு எங்கே நகரும்னு கேட்டேன். எல்லாரும் மேலேன்னாங்க. இவ மட்டும் இடது பக்கம் மூணு கட்டம்னா."

"நீங்க?"

"கூட்டினா இடது பக்கமா, உங்க வீட்டுக் கடிகாரமும் அப்படித்தான் ஓடுதான்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுது."

"நீங்களுமா, சார்?"

அவர் தரையைப் பார்த்தார்.

"பத்து நாளா வாயே திறக்கல, அந்தப் புள்ள."

ரஹீமா கட்டம் போட்ட அட்டை ஒன்றை எடுத்தாள். நடுவில் இரண்டு அச்சுகள். நடுப்புள்ளி வழியாகச் சாய்வாகக் கறுப்பு நூலைச் சுற்றி, பின்பக்கம் முடிந்தாள். y = x.

"கொஞ்சம் திரும்பி நில்லுங்க, சார்."

நின்றார்.

"இப்பப் பாருங்க. நூலை எந்தப் பக்கம் நகர்த்தினேன்?"

"இதென்ன கேள்வி? மேலே. மூணு கட்டம்."

"மேலே தூக்கலையே, சார். பக்கவாட்டுலதான் தள்ளினேன்."

அவர் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படுக்கை அச்சின் மேல் விரல் வைத்து, நடுப்புள்ளியிலிருந்து நூல் வரைக்கும் எண்ணினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

விரல் இடது பக்கம் நின்றது.

"இன்னொரு தடவை திரும்புறீங்களா?"

"வேண்டாம்மா."

வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"நானும் இடதுன்னுதான் எழுதினேன், சார். பதினொண்ணாவதுல. சிவப்பு மையில பெருசாப் பெருக்கல் குறி போட்டீங்க."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தாயி?"

"அன்னைக்கு நீங்க கேக்கலையே, சார்."

மாசிலாமணி சார் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"சுடலி வீடு எங்கே?"

"வாய்க்கால் பாலம் தாண்டி, ரைஸ்மில்லுக்குப் பின்னால."

வாசல் வரை போய்விட்டார்.

"அட்டை வேண்டாமா? அவளுக்கு விளக்கிச் சொல்லணுமே."

"விளக்கவா போறேன்?" என்றார் அவர். "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுதுன்னு கேக்கப் போறேன்."

படியிறங்கிப் பாலத்தைப் பார்த்து நடந்தார்.