பதினாறாவது கணு

அறுபத்து மூன்று வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர் தணிகாசலம். அதற்கு முன் முப்பது வருஷம் தபால் ஆபீஸில் விலாசம் பார்த்துக் கடிதம் பிரித்தவர். அவருடைய ஆசிரியை ஜெசிந்தாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் குளவிகளை இனம் காண்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது.

மலாவி நாட்டு மக்காச்சோளக் காட்டிலிருந்து ஒரே ஒரு குளவி தணிகாசலத்தின் மேஜைக்கு வந்தது. எள்ளைவிடச் சிறியது. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும் ஜாதி. ஒரு உணர்கொம்பு வழியிலேயே முறிந்து தொலைந்திருந்தது. மற்றதை எண்ணினார். பதினைந்து கணு. தெரிந்த இனத்துக்குப் பதினாறு.

அப்படியானால் புது இனம்! கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம். போன வருஷம் இறந்துபோன மனைவியின் பெயரைச் சீட்டில் எழுதினார். மரகதம்.

மறுநாள், குளவியை அட்டையில் ஒட்டிய பசைக்குள் ஒரு துணுக்கு தெரிந்தது. பதினாறாவது கணு. அவர் ஒட்டும்போதுதான் உடைந்திருக்கிறது.

பாவம் மனுஷன், அரை நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

“ஒரே ஒரு கணுதானே மேடம்? கணக்குல சேர்க்காம விட்டுடலாமா?”

ஜெசிந்தா அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். வேறொரு சீட்டில் ஒரு சொல்லை எழுதி நீட்டினார்.

“மகதமா? அது ஏதோ பழைய ராஜ்ஜியம் மேடம். என் சம்சாரம் மரகதம்.”

“ஒரே ஒரு எழுத்துதானே சார்?”

கடிதம் பிரித்தவருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்,” என்றார் மெல்ல.

ஜெசிந்தா மைக்ராஸ்கோப்பின் பெரிய லென்ஸைத் திருப்பினார்.

“அந்தத் துணுக்கைப் பாருங்க.”

பார்த்தார். தூசி என்று நினைத்திருந்த அதில் நூற்றுக்கணக்கான பொன்மயிர்கள், வரிசை பிசகாமல் நின்றன.

“இவ்வளவும் எதுக்கு மேடம்?”

“காட்டுல எத்தனையோ ஜாதிப் புழு இருக்கும். ஒரு ஜாதிக்குள்ளதான் இவ குழந்தை பிழைக்கும். அது எதுன்னு இதால தட்டித் தட்டித்தான் கண்டுபிடிப்பா.”

“ஆள் மாறிப் போச்சுன்னா?”

“அந்த வம்சம் அதோட முடிஞ்சுது.”

“இதுவரைக்கும் எத்தனை தடவை மாறியிருக்கும்?”

“இவளைப் பெத்தவ மாறல. அவளைப் பெத்தவளும் மாறல. கோடி வருஷமா இவ வந்த வழியில ஒருத்திகூட மாறல சார். மாறியிருந்தா இவ உங்க மேஜைக்கு வந்திருக்க மாட்டா.”

தணிகாசலம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. மரகதம் என்ற சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதுச் சீட்டை எடுத்து, குளவியின் பழைய பெயரை ஒரு எழுத்து விடாமல் எழுதினார்.