ரெண்டு தட்டு

கொடைக்கானலில் லாசர் மாஸ்டருடைய மாண்டலினைத் தெரியாத ஆள் ஒரு காலத்தில் கிடையாது.

புளூகிராஸ் என்று அமெரிக்க மலைச்சனங்களின் பாட்டு ஒன்று உண்டு. பாதிரியார் ஒருவர் விட்டுப்போன இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு அதைப் பிடித்துக்கொண்டவர் லாசர். ஐந்து பேர் குழு. முப்பது வருடம். ஷில்லாங் வரைக்கும் போய் வாசித்தார்கள். ஒரே ஒரு கேசட்டும் போட்டார்கள்.

அந்தப் பாட்டில் டிரம்ஸ் கிடையாது. மாண்டலின்தான் 'சக், சக்' என்று கம்பியை அடித்து, அடித்த மாத்திரத்தில் மறுகையால் ஒலியை அமுக்கித் தாளம் காட்டும். மேடைக்கு மைக்கும் ஒன்றுதான். யார் முறையோ அவர் மைக்கண்டை வருவார். முடிந்ததும் விலகி அடுத்தவருக்கு வழிவிடுவார்.

லாசர் தன் முறையை முடித்ததும் தாளத்தில் ரெண்டு தட்டு சும்மா இருப்பார். ஆளுயர பேஸ் வாத்தியம் மட்டும் தும், தும் என்று நடக்கும். அப்புறம்தான் பிடில் புறப்படும். அந்த ரெண்டு தட்டில் கேட்கிறவர்களுக்கு நெஞ்சு ஒரு படி இறங்கி ஏறும். 'லாசர் பாணி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

இப்போது லாசரின் மோதிர விரல் மடங்க மறுக்கிறது. அவர் இடத்தில் நிற்கப்போகிறவள் எப்சிபா. பேக்கரியில் பன் போடுகிறவள். லாசரைவிட நாலு வயதுதான் சின்னவள். கேசட்டை வைத்துக்கொண்டு ஒரு சுரம் பிசகாமல் பாடம் பண்ணியிருந்தாள், அந்த ரெண்டு தட்டையும் சேர்த்து.

ஆனால் ஒத்திகையில் அந்த இடம் வந்தாலே பாட்டு விழுந்தது. பாஞ்சோ வாசிக்கும் ஐசக்தான் குழுவுக்குத் தலைவர். அவர் சொல்லிவிட்டார்.

"படியில கால் தடுக்குன மாதிரி இருக்கு எப்சி. சனிக்கிழமை கச்சேரியிலயும் இப்படின்னா பெங்களூர்ல இருந்து ஆள் வரச் சொல்லிருவேன். கோவிச்சுக்காத."

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாசர் பேக்கரிக்கு வந்தார். மாவு பொங்கட்டும் என்று துணி போட்டு மூடிவிட்டு எப்சிபா மாண்டலினை எடுத்தாள்.

"மாஸ்டர், கேசட்டுல இருக்கிற அதே அளவுதான் விடுறேன். நீங்க விட்டா அழகு. நான் விட்டா ஓட்டை. ஏன்?"

லாசர் சீனி மூட்டையில் ஒரு நீளக் கரண்டியைக் குத்தி நிறுத்தினார்.

"இதுதான் மைக்கு. வாசி."

சொல்லிவிட்டு அடுப்போரம் போய் நின்றுகொண்டார். அவள் வாசித்து முடித்து விலகினாள். லாசர் இடது காலை இழுத்து இழுத்து வந்தார். ஒரு எட்டு. ரெண்டு எட்டு. மூணாவது எட்டில் கரண்டியிடம் சேர்ந்து, இல்லாத பிடிலைத் தோளில் வைத்தார்.

சரியாக ரெண்டு தட்டு.

"தொம்மை அண்ணனா?" என்றாள் எப்சிபா. பிடில் தொம்மையை அவள் மேடையில் பார்த்திருக்கிறாள். சின்னப் பிள்ளையில் போலியோ வந்த கால்.

"அவனேதான். வர்ற மூணு எட்டும் என்னைத் திட்டிக்கிட்டே வருவான், 'தள்ளி நில்லுடா, ஊரையே மறைக்கிற'ன்னு. சனம் அதைப் போயி பாணின்னுச்சு. நாங்களும் இல்லேங்கல. நல்ல பேரு வந்தா யாரு வேண்டாங்கிறா?"

எப்சிபா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"கேசட்டு போட்டப்ப தொம்மை அண்ணன் இல்லையே மாஸ்டர். அப்பவே போய்ச் சேந்து ஒரு வருசம் ஆயிருந்துச்சே. ஸ்டுடியோவுல ஆளுக்கொரு மைக்கு. யாரும் நடக்க வேண்டாம்."

"ஆமா."

"அப்ப எதுக்கு விட்டீங்க?"

லாசர் கரண்டியைப் பிடுங்கி, ஒட்டியிருந்த சீனியைத் தட்டினார்.

"கண்ணு தன்னால அந்தப் பக்கம் போச்சு. மூணு எட்டு ஆகட்டும்னு நின்னுட்டேன்."

அவர் போன பிறகு, பன் தட்டை அடுப்புக்குள் தள்ளும்போதுதான் எப்சிபாவுக்கு உறைத்தது. நாளைக்கு அந்த இடத்தில் ரெண்டு தட்டு விடணுமா வேண்டாமா என்று கேட்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் புல்வெளி நிறையச் சனம். லாசர் கடைசி வரிசையில்.

எப்சிபா தன் முறையை முடித்து விலகும்போது விரலைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தாள். புதுப் பிடில்காரன் ராபின் ஒரே தாவலில் வந்து வில்லைத் தூக்கியபடி நின்றான். அவள் எதையும் விடவில்லை. பாட்டு சூடு ஆறாமல் அவன் கைக்குப் போனது.

அடுத்த பாட்டில் அவளுக்கு அப்புறம் ஐசக். விலகியபடியே பார்த்தாள். பாஞ்சோவின் வார் ஸ்வெட்டர் பொத்தானில் சிக்கி, மனுசன் இழுத்துக்கொண்டிருந்தார். எப்சிபாவின் கை நின்றது. பேஸ் மட்டும் நடந்தது. ஒரு தட்டு. ரெண்டு. பொத்தான் தெறித்தது. ஐசக் விழாத குறையாக மைக்கண்டை வந்து சேர்ந்து வாசித்தார்.

"லாசர் பாணி, அப்படியே," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

கச்சேரி முடிந்ததும் ஐசக் குனிந்து பொத்தானைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"பெங்களூர் ஆளெல்லாம் வேண்டாம், நீயே வா. ஆனா அந்தப் பாட்டுல லாசர் விட்டதே இல்லையே. எந்தக் கேசட்டுல பிடிச்ச?"

எப்சிபா கடைசி வரிசைக்குப் போனாள்.

"மாஸ்டர், உங்க இடத்துல நான் விடல."

"கேட்டேன்."

"நீங்க விடாத இடத்துல விட்டுட்டேன். தப்பா?"

லாசர் மடங்காத விரலைத் தடவிக்கொண்டார்.

"ஐசக்கு வந்து சேந்தான்ல?"